நான் கையைத் தூக்கிய குற்றம்

அத்தை,

நீங்கள் இறந்து முப்பது நாள் ஆகிறது. மாதா கோயிலில் உங்களுக்கான பூசை முடிந்து நேராக என் துணிக்கடைக்கு வந்துவிட்டேன். சேலையில் இன்னும் சாம்பிராணி வாசனை. சாமியார் உங்களை நல்ல தாய் என்றார். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் சிந்தவில்லை.

எமர்ஜென்சி சமயம், எனக்குத் தலைச்சன் பிள்ளை, எட்டாம் மாதம். வலது மார்புக்குக் கீழே விலா எலும்பை உள்ளிருந்து யாரோ நெம்புவதுபோல வலி. குனிந்து மாவரைக்க முடியாது, உட்கார்ந்து மூச்சுவிட முடியாது. "வேலைன்னா வலி வந்துரும் இவளுக்கு. நாடகக்காரி!" என்பீர்கள். ஒருநாள் தற்செயலாக வலது கையைத் தூக்கி நிலைவாசலின் மேல்கட்டையைப் பிடித்து இடப்பக்கம் சாய்ந்தேன். விலா விரிந்தது, வலி விட்டது. அதன்பின் அதுதான் எனக்கு மருந்து. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "கையத் தூக்காதடி! புள்ளைக்குக் கொடி சுத்திக்கும்!" நீங்கள் கொல்லைப்பக்கம் போனதும் மறுபடி தூக்கினேன்.

பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது. அழவேயில்லை.

அந்த ஞாயிறு கோயில் வாசலில், பூசை முடிந்து நின்ற பெண்களிடம் சொன்னீர்கள்: "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கையத் தூக்கித் தூக்கியே கொன்னுட்டா." உங்கள் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் அதை நம்பினேன், அத்தை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. இரண்டாவது உண்டானபோது ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது: "புள்ள உள்ள உருளும்போது தானா சுத்திக்கிறது. ஒங் கைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அதற்குள் துணி மூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்றுக்கொண்டு நெடுங்காடு ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தேன். சில வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சியை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் எனக்குக் கதவைத் திறந்தார்கள். உங்கள் பேச்சு எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது.

ஒன்பது வருஷத்தில் மூட்டை கடையாயிற்று. அந்தக் கடைக்கு நீங்கள் வந்தீர்கள்.

"உள்ள வரலாமாம்மா?"

அம்மா! அதுவரை 'ஏய்'தான்.

"பொண்ணு எட்டு மாசம். வெலாவப் புடிச்சிக்கிட்டுத் துடிக்கிறா. நீ என்ன பண்ணுன அப்ப?"

"எனக்கு எங்க வலிச்சிச்சு? நாடகம்தானே அத்தை."

முதலில் டாக்டரிடம் பிரஷர் பார்த்து வரச் சொன்னேன். அதற்கு நிபந்தனை போடவில்லை. வயிறு பெருத்து விலா விரிகிற வலிதான், பயமில்லை என்றாராம். மற்றதைச் சொல்லித்தர, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று ஞாயிறுவரை இரண்டு நாள் காக்க வைத்தேன். உங்கள் மகள் என்ன பாவம் செய்தாள்? ஒன்றுமில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

ஞாயிறு, அதே கோயில் வாசல். "எம் மருமக புள்ளையக் கொல்லல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தீர்கள்.

"கேக்கல, அத்தை."

மறுபடி சொன்னீர்கள். "இதச் சொல்ல இத்தன வருஷமா?" என்றாள் ஒருத்தி.

மத்தியானமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நாத்தனாரின் பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்ந்து உட்காரவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்றேன். கடைசியாக நிலைவாசலுக்குக் கூட்டிப்போய் அவள் கையைத் தூக்கவைத்தேன். "ஸ்ஸ்... அப்பாடா" என்றாள். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். அவள் வலி விட்டதைவிட உங்கள் முகம்தான் எனக்குச் சந்தோஷம் தந்தது. பெண் குழந்தை, கத்திக்கொண்டே பிறந்தது.

ஒன்பது வருஷப் பேச்சுக்கு ஒரு ஞாயிறு ஈடாகுமா? நேற்று போலகத்துப் பெண் ஒருத்தி, நிறைமாதம், கடையில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

"என்னக்கா தரணும்?" என்றாள்.

காசு வேண்டாம் என்றேன். இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லும்போது, கையைத் தூக்கினால் கொடி சுற்றும் என்றது பொய் என்றும், அந்தப் பொய்யைச் சொன்னது யார் என்றும், உங்கள் பெயரோடு சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டிப் போனாள்.