படுக்க வைத்த பாட்டில்

மார்ச் 4

வாயாடி மருமகளுக்கு,

மாமன் நலம். அத்தையும் நலம்; என்னைத் திட்டுவதற்குத் தெம்பு குறையவில்லை.

சாப்பாட்டுக்கடை திறக்கப் போகிறாய், விலை மலிவான, ஆனால் பாட்டிலைச் சில வருடம் படுக்க வைத்தால் தேறி வருகிற பிரெஞ்சு சிவப்பு வைன்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும், அதற்கு மாமாதான் சரி என்று எழுதியிருக்கிறாய். ஆளைச் சரியாகத்தான் பிடித்தாய்! நான் ஓட்டலில் பரிமாறின காலத்தில் ஒரு கப்பல் கேப்டன், "நீ முகர்ந்து சொன்னால்தான் குடிப்பேன்" என்று அடம்பிடித்தான். தக்கையை எடுக்கும் முன்பே, மலையின் எந்தப் பக்கத்துத் திராட்சை என்று சொன்னேன். கேப்டன் அழுதே விட்டான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வைன் கடைக்குப் போகிறேன். போர்தோவில் பெரிய பேருக்கு எதற்குப் பணம் அழ வேண்டும்? பக்கத்து ஊர்க்காரன் அதே திராட்சையைப் பாதி விலைக்குத் தருகிறான். ரோன் ஆற்றுப் பக்கத்துச் சரக்கு ஒன்று ருசித்தேன். வாசனை என்றால் வாசனை, தெருவே திரும்பிப் பார்த்தது! நான் ருசித்த அதே பாட்டிலின் மிச்சத்தை அடைத்து, பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரே குறை, உன் அத்தை இப்போதெல்லாம் சுடுதண்ணீரைக் காபி என்கிறாள்.

உன் தாய்மாமன்

மார்ச் 9

அன்புள்ள மாமா,

பாட்டில் வந்தது. திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். தக்கை கெட்டால் அப்படித்தான் அடிக்குமாம். என் கூட்டாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைப் பாராட்டுன ஆளை நம்பியா முதலைப் போடுறோம்? வேற யாரையாவது பாருடி" என்கிறாள். அடுத்த பார்சல் வரட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

மாடிப்படியில் ஏறும்போதே எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று சொல்கிறவர் நீங்கள். என்ன ஆயிற்று? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 14

மருமகளுக்கு,

எனக்கு என்ன ஆகும்? டிரைவர் வெயிலில் வைத்திருப்பான். உன் கூட்டாளிக்கு நேற்று முளைத்த மூக்கு. என்னுடையது கேப்டனை அழவைத்த மூக்கு.

இந்தத் தடவை நாலு பிரெஞ்சு ஊர் வைன்களின் மிச்சம் அனுப்புகிறேன், ஒவ்வொன்றின் வாசனையோடு. ஷினோன்: அப்போதுதான் சீவின பென்சில். லாங்கெடாக்: வறுத்த மிளகு. காஓர்: பழைய தோல்பை, கரடுமுரடு, பொறுத்தால் பொன்னாகும். நாலாவது, மலிவு போர்தோ: முகம் கழுவாத பிள்ளை, வேண்டாம்.

இன்னும் எட்டு பாட்டில் மேசையில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன். தரை தேய்கிறது என்கிறாள் உன் அத்தை.

மாமன்

மார்ச் 19

அன்புள்ள மாமா,

நாலும் நீங்கள் எழுதினபடியே இருந்தன. கூட்டாளி வாயை மூடிக்கொண்டாள். வேலை உங்களுக்குத்தான்.

ஆனால், "முகம் கழுவாத பிள்ளை" உங்கள் பேச்சு இல்லையே. அது அத்தை என்னைத் திட்டுவது. பாட்டிலைக் கண்டாலே துடைப்பத்தை எடுக்கிறவரிடமா மூக்கைக் கடன் வாங்கினீர்கள்?

கடைக்கு அத்தையின் மூக்கும் வேண்டும், உங்கள் வாயும் வேண்டும். ஆனால் டாக்டரிடம் போங்கள். அதுவரை அடுப்புப் பக்கம் போகாதீர்கள். காஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

மருமகள்

மார்ச் 27

என் மருமகளுக்கு,

டாக்டரிடம் போனேன். இப்படி ஒரு மூக்கைப் பார்த்ததே இல்லை என்று அசந்துவிட்டார். போன மாதம் வந்த காய்ச்சலோடு வாசனை போயிருக்கிறதாம். திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாமாம். காபி நல்ல காபிதான் போலிருக்கிறது. அதை மட்டும் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை; நீயும் சொல்லாதே, தலைகால் தெரியாமல் ஆடுவாள். இப்போதே வைன் கோப்பையை முகர்ந்துவிட்டு, "இதுக்கா இத்தனை வருஷம் பீத்திக்கிட்டீங்க?" என்கிறாள்.

மிச்ச எட்டையும் அவள் முகர்ந்தாள், நான் எழுதினேன். ஐந்து தேறின. அவற்றின் மிச்சத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

காஓரில் ஒரு பாட்டில் மட்டும் எனக்கென்று வாங்கி, திறக்காமல் கட்டிலுக்கடியில் படுக்க வைத்திருக்கிறேன். பத்து வருடம் தாங்குமாம். அது எப்போது தேறும், நான் எப்போது தேறுவேன் என்று தெரியவில்லை. தினமும் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். அதை அத்தை முகரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதன் வாசனையை உனக்கு நான்தான் எழுதுவேன்.

உன் தாய்மாமன்