ஈப்பிடிப்பானுக்காக ஓர் உதடு

இன்று காலை ஓடைப் பக்கம் இறங்கினேன். தேயிலைப் பாத்தி முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் தவிட்டு வாடை அடித்தது. புழு வளர்க்கும் தவிடு. யாரோ கேமராக்காரன் பிளாஸ்டிக் டப்பாவைப் பாறைமேல் வைத்துவிட்டு ஒதுங்கியிருந்தான். உதைத்தேன். டப்பா ஓடையில் போனது. "அறிவிருக்காய்யா ஒனக்கு?" என்று புதருக்குள்ளிருந்து கத்தினான். இருந்த அறிவெல்லாம், நண்பா, நீ செத்தபோது உன்னோடு போய்விட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்ல?

ஒவ்வொரு குளிருக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அந்த ஓடைக்குத்தான் வரும். இமயத்திலிருந்து கிளம்பி இந்தியாவையே கடந்து வந்து, போன வருடம் உட்கார்ந்த அதே கிளையில் உட்காரும். செங்கல் நிற மார்பு, ஓயாமல் ஆடும் வால். நீ எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கர். முதலில் பார்ப்பது எப்போதும் நீதான். இயந்திர இரைச்சலுக்கு நடுவே போனில் கத்துவாய்: "வாத்தியாரே, ஆளு வந்தாச்சு! லீவு போட்டுட்டு வாடா!" பள்ளிக்கூடத்தில் எனக்கு எத்தனை பொய்க் காய்ச்சல்கள்!

எவர் கேட்டாலும் இடத்தைச் சொல்வதில்லை என்பது நமக்குள் சட்டம். அப்படியும் விருந்தாளிகளுக்குப் பறவை காட்டும் கெஸ்ட் ஹவுஸ் கைடு ஒருவன் மோப்பம் பிடித்துவிட்டான். பறவை ஒரே இடத்தில் நின்றால்தான் அவனுடைய விருந்தாளிகளுக்குப் படம் கிடைக்கும். அதற்காகப் புழுவைக் குண்டூசியில் கோர்த்துக் கிளையில் செருகினான். பறவை புழுவை இழுத்தது. புழுவோடு ஊசியும் போயிற்று.

நாம் போனபோது அது அலகு திறந்தபடி தரையில் சுழன்றுகொண்டிருந்தது. ஊசிமுனை தொண்டையைக் கிழித்து வெளியே வந்திருந்தது. உன் கையில்தான் செத்தது. அதைப் பாசிமேல் கிடத்திவிட்டுப் போய் அவன் மூக்கை உடைத்தாய். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நன்றாக இருந்தது.

மன்னிப்புக் கேள், இல்லையென்றால் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடையாது என்றார் எஸ்டேட் மேனேஜர். உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அவரக் கூட்டிட்டுப் போயி ஒரு வார்த்த சொல்ல வெச்சிருங்கண்ணா. பொண்ணு பிளஸ் டூ படிக்கறா. இந்த ஊட்ட உட்டா நாங்க எங்கீங்க போறது?"

பஸ்ஸில் நீ ஒத்திகை பார்த்தபடியே வந்தாய். "தப்புத்தானுங்க, கோவத்துல கை நீட்டிட்டேனுங்க. போதுமாடா?" போதும் என்றேன்.

அவன் புல்வெளியில் மூக்கில் கட்டோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். நீ சொன்னாய். வார்த்தை பிசகாமல் சொன்னாய். அதோடு கிளம்பியிருப்போம். அவன் சிரித்தான். "உடுங்க சார். ஒரு குருவி போனா இன்னொரு குருவி வருமுங்க. கெஸ்ட்டு போனா வருவாங்களா?" மேஜையில் அடுத்த நாளுக்கான புழுக்கள் ஊசியில் கோர்த்தபடி தயாராக இருந்தன.

நீ ஒன்றை எடுத்தாய். மறு கையால் அவன் தாடையைப் பிடித்தாய். குரல்கூட உயரவில்லை. "சாப்பிடுங்க. உங்க கையால கோத்ததுதானுங்களே. வெக்கப்படாம சாப்பிடுங்க." அவன் தலையைத் திருகினான். ஊசி கீழுதட்டில் ஏறிக் கிழித்துக்கொண்டு வந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். விருந்தாளிகள் அலறினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை.

வேலை போயிற்று. சாமான்கள் லாரி ஏறின. நம் பறவைக் குழு உன்னை வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கிவிட்டு, வன்முறையை ஏற்க மாட்டோம் என்று எழுதியது. செத்த பறவையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. கடைத்தெருவில் அவர்கள் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சாகும்வரை திருப்புவேன்.

மேட்டுப்பாளையத்து வாடகை வீட்டில், அந்த வெக்கையில், உன் நெஞ்சு அதிக நாள் தாங்கவில்லை. கடைசியாகப் பேசியபோதும் அதைத்தான் கேட்டாய். "ஆளு வந்தாச்சாடா?" கிளை காலியாகத்தான் இருந்தது; வந்தாச்சு என்றேன். "எவனுக்கும் சொல்லாத."

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். உன் மனைவி டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த உதடு கிழிந்ததற்கு நான் வருந்தவில்லை. இதை எவன் முன்னாலும் சொல்வேன். அவள் முன்னால் மட்டும் வாய் வருவதில்லை.

"நா ஒருநாளும் பாத்ததில்லீங்கண்ணா. அந்தக் குருவி எத்தச்சோடு இருக்கும்?"

கையை மூடிக் காட்டினேன். "இவ்வளவுதான் அம்மிணி."

அவள் என் கையையே பார்த்தாள். "இத்தனூண்டுக்குங்களா?"

டீ ஆறிப்போனது. மூடிய கையை விரிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.