வாளிமேல் வைத்த சாரம்

ஐப்பசி 14, செவ்வாய்.

என் கை முறிந்த நாளிலிருந்து விடியும்போது கிணற்றடி வாளிகள் நிறைந்திருக்கின்றன. "அது பிரவுனி அம்மா. இங்கிலீசுக் கதையிலை வாற வீட்டுப் பேய், ஒளிச்சு நிண்டு வேலை செய்யும். உடுப்புக் குடுத்தால் பிறகு வராது," என்றாள் மகள். நான் சிரித்துவிட்டு, கொழும்பிலிருக்கும் என் கணவர் இடுப்பில் உடுக்கவென்று வாங்கிய மஞ்சள் கோடு போட்ட சாரத்தை நேற்று வாளிமேல் வைத்தேன்.

இன்று நீர்வேலிச் சந்தையில் அண்ணை வாழைக்குலை இறக்கிக்கொண்டு நின்றார். இடுப்பில் அந்தச் சாரம்! கிணற்றுப் பங்குக்காக வழக்காடி, ஏழு வருடமாக என்னோடு கதைக்காத அண்ணை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனம்மா குடுத்தனீங்கள்? இனி வராதெல்லோ!" மகள் அழுதபடியே தூங்கிவிட்டாள்.

எதற்கும் வெறும் வாளிகளைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.