ஏரம்புவின் தாளில் ஒரு கட்டம்

சிவமயம்

உரும்பிராய்,
தை 1995

இங்கிலாந்திலை இருக்கும் டொக்டர் கனகலிங்கத்துக்கு, தோட்டக்கார நமசிவாயம் சொல்லி எழுதுவிப்பது. இஞ்சை மழை காணும். வெங்காயம் பரவாயில்லை.

சண்டையிலை காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நிண்டு, அந்தப் பக்கத்துச் சனம் பெட்டி படுக்கையோடை எங்கடை பள்ளிக்கூடத்திலை வந்து கிடந்த வருசம் உமக்கு ஞாபகம் இருக்கும். ஆனி உத்தரத்துக்கு முதல் நாள், பின்னேரம் மூண்டு மணி. என்ரை தம்பி ஏரம்புக்கு ஒரு நாளாய்ச் சலம் போகேலை, மூத்திரப்பை வீங்கிப்போச்சு. சைக்கிள் கரியரிலை இருத்தி, நீர் வேலை செய்த அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்தன்.

தம்பி வெக்கக்காரன். குமர்ப்பிள்ளை நிக்கச் சலம் எடுக்கிற ரியூப் போட விடன் எண்டு காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். தாதி ஸ்ரெல்லாவை, வெளியிலை நில்லு பிள்ளை எண்டு மறைப்புக்கு அங்காலை அனுப்பினது நான். நோயாளியின்ரை விபரம் எழுதுற ரிக்கற் அவளின்ரை கையிலை. உள்ளுக்கை நீர், தம்பி, நான், அற்றென்டன் சிமியோன். பதினாறாம் நம்பர் ரியூப் கேட்டு வாங்கினீர். அது கழண்டு விழாமல், உள்ளுக்கை இருக்கிற அதின்ரை சின்னப் பலூனிலை பத்து மில்லி தண்ணி ஏத்தினீர். சலம் பாய, வெங்காயப் பாத்திக்கு இதுவே காணும் அண்ணை எண்டு சிமியோன் பகிடி விட்டான்.

உடனை ஆமியின்ரை ஹெலிச் சத்தம். எல்லாரையும் ஓடச் சொன்னீர். எப்ப கழட்டுறது எண்டு கேட்டன். நாள் ரிக்கற்றிலை இருக்கு, அதுவரைக்கும் தொடாதேங்கோ எண்டீர். வெளியிலை நிண்ட பிள்ளைக்கு ஒரு சொல்லும் சொல்லேலை.

எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, ரிக்கற்றை உடுவில் ரீச்சரிட்டைக் காட்டினம். வயித்துவலி எண்டு மட்டும்தான் கிடக்கு, ரியூப்பைப் பற்றி ஒண்டும் இல்லை எண்டா. டொக்டர்மாரின்ரை எழுத்து ரீச்சருக்கு விளங்குமோ எண்டு தம்பி சிரிச்சான். நானும் உம்மைத்தான் நம்பினன். நாற்பத்தொரு நாள் ரியூப் உள்ளுக்கையே கிடந்துது. கடைசி நாலு நாளும் காய்ச்சலிலை நடுங்கி நடுங்கிச் செத்தான்.

விசாரணையிலை நீர், நான் தாதிக்குச் சொன்னன், அவள்தான் எழுதேலை எண்டீர். அதுக்கு முதலே சிமியோனை ஆமி அடிச்ச செல் கொண்டுபோட்டுது. எழுத்தறியாத கிழவனுக்கு ரியூப் நம்பர் என்னெண்டு தெரியும் எண்டு என்னைப் பாத்துச் சிரிச்சினம். ஸ்ரெல்லாவுக்கு வேலை போட்டுது.

நாலு வருசம் திங்களுக்குத் திங்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு இதையே சொன்னன். புதிசாய் வந்த பெரிய டொக்டர் ஒருத்தர்தான் இருந்து கேட்டார். இப்ப அங்கை ஒரு தாள் இருக்கு. ஏன் போட்டது, எத்தினை மணிக்கு, என்ன நம்பர், எவ்வளவு தண்ணி, எப்ப கழட்டுறது, ஆர் போட்டது. அதை நிரப்பாமல் ஒரு நோயாளியும் அந்த அறையை விட்டு வெளிக்கிட ஏலாது.

ஒரு தாள் கேட்டு வாங்கி, தம்பியின்ரை பேரிலை நிரப்புவிச்சு இதோடை வைச்சிருக்கிறன். கழட்டுற நாளுக்கு நேரை, சொல்லப்படவில்லை எண்டு கிடக்கு. ஆர் போட்டது எண்ட கட்டம் மட்டும் வெறுமை. அதிலை உம்முடைய பேரையும் கையெழுத்தையும் வைச்சு அனுப்பும். வைகாசியிலை ஸ்ரெல்லாவின்ரை விசாரணையைத் திரும்ப எடுக்கினம்.

சித்திரை முடியுமட்டும் பாப்பன். வராட்டில் இதே தாள் இங்கிலாந்திலை உமக்கு மேலை இருக்கிற பெரியவருக்குப் போகும், இங்கிலீசிலை. இந்தக் கடிதத்தை எழுதுற ஸ்ரெல்லாவுக்கு இங்கிலீசு நல்லாய் வரும்.

வெள்ளிக்கு வெள்ளி உமக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன். ஒரு தடிமன்கூட உமக்கு வரக்கூடாது. ஸ்ரெல்லாவுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்ல மறைப்புக்குள்ளை நிண்ட ஆள் வேணும். என்ரை சொல்லை எடுக்க மாட்டினம். தம்பி இல்லை, சிமியோன் இல்லை. கையெழுத்து வைக்கத் தெரிஞ்சு இன்னும் உயிரோடை மிஞ்சியிருக்கிறது நீர் ஒருத்தர்தான், கனகலிங்கம்.