எரியறதுக்கு முன்னாடியே

சென்னை,
14.3.2005

அன்புள்ள அம்மாவுக்கு,

சிலம்பரசன் எழுதுறேன். உன் முட்டிவலி எப்படி இருக்குது? உப்பு வார ஆரம்பிச்சாச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன். தங்கச்சி ரேணுகா இதைப் படிச்சுக் காட்டும்போது அப்பா பக்கத்துல இல்லாம பாத்துக்கோ.

போன வாரம் ஹாஸ்டல்ல உடைஞ்ச கிளாஸ் கால்ல கீறிடுச்சு. சின்னக் காயம்தான், பயப்படாத. உப்புத்தண்ணியில கழுவச் சொன்னாங்க, கழுவினேன். எரிச்சல் ஆரம்பிக்கறதுக்குள்ள சட்டையை மாட்டிக்கிட்டு ஒயின்ஷாப் வாசல்ல நிக்கிறேன். குடிக்கணும்னு நெனைக்கவே இல்லம்மா. நெனச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்.

ஸ்கூல் லீவுல நான் உப்பளத்துல வேலை செஞ்சப்போ, கால் வெடிப்புல அப்பா சாராயம் ஊத்துவாரே, ஞாபகம் இருக்குதா? மிச்சத்தை என் வாயில ஊத்தி, "முழுங்குடா, எரிச்சல் தெரியாது"ன்னுவாரு. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த. பையன் அழலைன்னு சந்தோஷப்பட்ட. இப்ப மார்க்கு கொறைஞ்சாலும், எவனாவது என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சாலும், காலு தானா அந்தக் கடைக்குப் போவுது.

அன்னைக்குக் குடிச்சிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புறப்ப வார்டன் பிடிச்சிட்டாரு. வீட்டுலேர்ந்து ஆள் வந்து எழுதிக் குடுக்கிற வரைக்கும் கிளாஸுக்கு விட மாட்டாங்களாம். நீயே வா, கைநாட்டு போதும்னாங்க. வர்றப்ப என் பழைய ரப்பர் செருப்பும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் எடுத்துட்டு வா. உன் புடவை ஒண்ணும் கொண்டா, போர்த்திக்க.

தபால் எடுக்க வந்துடுவாங்க, முடிக்கிறேன். அப்பா கேட்டா, கால்ல காயம்னு மட்டும் சொல்லிடாத. பாசத்துல குவார்ட்டரோட கெளம்பி வந்துடுவாரு.

உன் மகன்,
சிலம்பரசன்