வெள்ளைச் சுடிதாருக்கு வைத்த மஞ்சள்

நீடாமங்கலம்,
16.6.2025

என் தங்கம் வானதிக்கு,

உன் அப்பாயி நீலாம்பாள், வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுவது. போனில் நீ பேசினால் எனக்கு நெல் தூற்றுகிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வீணாக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் பெரியப்பா மகன் ரகுராமனுக்கு ஓசூர் கம்பெனியில் பதவி உயர்வு. அவனுக்குக் கீழே நாற்பது பேராம். உன் அத்தை மகள் குந்தவை பட்டுக்கோட்டையில் கணக்கு டீச்சர் ஆகிவிட்டாள். அவள் தங்கை மதுவந்தி நர்சிங் படிப்பில் மெடல் வாங்கினாள். மெடலைக் கையில் வாங்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருக்கிறது. அடுத்தது நீதான்.

உன் அப்பா சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். ரவிசங்கர் மாமாவின் உரக்கடையில் பில் எழுத நம் ஆளாக ஒருத்தர் வேண்டுமாம். ஆடிப் பதினெட்டுக்குள் சென்னையில் வேலை கிடைக்காவிட்டால் நீ வந்து உட்காருவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். உரக்கடை ஒன்றும் குறைந்த இடம் இல்லை. ஆனால் நீ கம்ப்யூட்டர் படித்தது அதற்கு இல்லையே.

அஞ்சு இன்டர்வியூவுக்கும் அந்த ஒரே நீலச் சுடிதாரில்தான் போனாய் என்று உன் அம்மா சொன்னாள். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைப் பருத்தி எடுத்தேன். பிட்டுத் துணிதான். கையில் எடுத்தால் விடிகாலைப் பனி மாதிரி குளிர்ச்சி. டெய்லர் அப்சரிடம் உன் அளவுச் சட்டையைக் கொடுத்தேன்.

"பாட்டிம்மா, காலர் வச்சுடவா? பாத்தா கலெக்டர் மாதிரி இருக்கும்."

"வை. ஆனா கூலியும் கலெக்டருக்குக் கேக்குற மாதிரி கேக்காதே."

சிரித்துக்கொண்டே தைத்தான். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் வைக்காமல் புதுத் துணி உடுத்தக் கூடாது. சின்ன விசேஷம் என்றால் உள்மடிப்பில் ஒரு புள்ளி போதும். இது பெரிய காரியம். அதனால் காலரிலும் இரண்டு கை நுனியிலும் முன்பக்க ஓரத்திலும் குழைத்து நன்றாகவே வைத்திருக்கிறேன். எந்தப் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கும் மங்களம் தெரியட்டும்.

நீ ஜெயித்த சேதிக்குக் காத்திருக்கும்,
அப்பாயி


சென்னை,
25.6.2025

அன்புள்ள அப்பாயி,

பார்சல் இன்டர்வியூவுக்கு முதல் நாள் வந்தது. அளவு அவ்வளவு சரி, அப்சர் அண்ணனிடம் சொல்லுங்க. ஆனால் அந்த மஞ்சளோடு எப்படி அப்பாயி ஆபீஸுக்குள் போவது? சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. என் அறைத்தோழி தஹ்மீனா ஓடிவந்து, "ஏய், எங்கடி வெட்டிக்கிட்டே?" என்று கையைப் பிடித்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் பழைய நீலத்தையே போட்டுக்கொண்டு போனேன். அதில் முழங்கை நூல் விட்டிருக்கிறது. அவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, நான் கையை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை. வேலை இல்லை என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள்.

கோபப்படாதீங்க, இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பட்டியல் வேண்டாமே. ரகு அண்ணன், குந்தவை அக்கா, மதுவந்தி எல்லாரையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் "அடுத்தது நீதான்" என்ற வரிக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

வானதி


நீடாமங்கலம்,
2.7.2025

வானதிக் கண்ணு,

உன் கடிதத்தை வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். அப்போதுதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதலில் நுரை, பிறகு சருகு, அதற்குப் பின்னால் தண்ணீர். யாரும் கூப்பிடாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. கால்விரல் நனைந்த பிறகுதான் எழுந்தேன்.

மத்தியானம் கண் அசந்தபோது ஒரு கனவு. நடவு வயல் நெடுகக் கொடி கட்டி வெள்ளைச் சட்டைகள் காய்கின்றன. உள்ளே ஆள் இல்லை. காற்று புகுந்து ஒவ்வொன்றாக நிமிர்ந்து உட்காருகின்றன, யாரோ பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்பது போல. நான் வரிசையாகத் தடவிக்கொண்டே போகிறேன். எதில் நீ இருக்கிறாய் என்று தெரியவில்லை. துணி மட்டும் கையில் குளிர்கிறது.

ஒரு விஷயம் சொல்கிறேன், உன் அப்பாவிடம் சொல்லாதே. எதிர்வீட்டு ஆனந்தத்திடம் சித்திரையிலேயே உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் பலிக்கட்டும் என்றுதான் அவ்வளவு மஞ்சளும் குழைத்தேன் போலிருக்கிறது.

இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன். "வானதிக்கு இன்னும் வேலை கிடைக்கல ஆனந்தம். தேடிக்கிட்டுத்தான் இருக்கா."

"அது எனக்கு அப்பவே தெரியும்க்கா. கிடைச்சிருந்தா நீங்க சம்பளத்தையும் சேத்துல்ல சொல்லியிருப்பீங்க!"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவளே காபி கொடுத்தாள். இனிமேல் பட்டியல் எழுத மாட்டேன்.

அப்பாயி


சென்னை,
29.7.2025

அன்புள்ள அப்பாயி,

அந்த வெள்ளைச் சுடிதாரை அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு மறந்தே போய்விட்டேன். நாலு நாள் வெயில். எடுக்கப் போனால் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெயில் குடித்துவிட்டது. தஹ்மீனா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளுடைய கறுப்புச் செருப்பு எனக்குக் கொஞ்சம் பெரிது, நுனியில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

நேற்று இன்டர்வியூ. முக்கால் மணி நேரம் அப்பாயி! இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினேன். என்ன உடுத்தியிருக்கிறேன் என்பதே நினைவில்லை. வெளியே வந்தபோது தெருவெல்லாம் தண்ணீருக்குள் தெரிவது போல மெதுவாக அசைந்தது.

ஆனால் இன்னும் இரண்டு சுற்று இருக்கிறதாம். முடிய ஆவணி ஆகிவிடும். அப்பாவிடம் போனில் கெஞ்சிப் பார்த்தேன். "சொன்னா சொன்னதுதான். மச்சான்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து சேரு" என்கிறார். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

வானதி


ரவிசங்கர் மாமா உரக்கடை,
நீடாமங்கலம்,
1.8.2025, ஆடி வெள்ளி

வானதிக்கு,

பெட்டியிலிருந்து துணியை வெளியே எடு.

இது வருவதற்குள் நீ கிளம்பிவிடாதபடி உன் அம்மாவைப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்துவிட்டு என் ட்ரங்குப் பெட்டியைத் திறந்துவைத்து நெடுநேரம் நின்றேன். வேலை கேட்கப் போக என்ன கட்டிக்கொள்வது என்று எழுபத்திரண்டு வயதில் முதல்முதலாகக் கவலை வந்தது. பட்டுக் கட்டினால் கல்யாணத்துக்கு வந்தவள் என்பார்கள். நைந்ததைக் கட்டினால் பாவம் என்பார்கள். கடைசியில், துவைத்து மடித்த நூல் புடவையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன்.

"தம்பி, பில் எழுத நம்ம ஆள் ஒருத்தர் வேணும்னீங்களே? நான் வந்திருக்கேன்."

உன் மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை, உங்களுக்குக் காது கேக்காதே!"

"கேக்காட்டி என்ன? பேரம் பேசுறவன் தானா ஓஞ்சிபோயிடுவான்."

ஒரு சீட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதிக் கூட்டிக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார்.

விஷயம் கேட்டு உன் அப்பா ஓடிவந்தான். "அம்மா, ஆடியில யாராச்சும் புது வேலையில சேருவாங்களா?"

"நட்டவன் உரத்துக்குத் தை வரைக்கும் காத்திருப்பானாடா?" என்றேன். நம் ஆள் ஒருத்தர் என்றுதானே வாக்கு. நானும் நம் ஆள்தானே? அவன் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினான். போகும்போது என் செருப்பை மட்டும் எடுத்து நிழலில் வைத்துவிட்டுப் போனான்.

மேஜையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். ரயில்வே கேட் மூடும்போதெல்லாம் கடைத்தெரு முழுக்கத் தூக்கத்தில் இருப்பது போல அசையாமல் நிற்கிறது. பஸ் ஜன்னல்களில் எங்கெங்கோ போகிற பெண்கள். யாரைப் பார்த்தாலும் உன் சாடை. கேட் திறந்ததும் எல்லாரும் போய்விடுகிறார்கள்.

ஆவணியோ புரட்டாசியோ, நீ நிதானமாகத் தேடு. இங்கே நாற்காலி காலி இல்லை.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க உன் படம் ஒன்று வேண்டும். வீட்டில் இருப்பது பத்தாம் வகுப்பில் எடுத்தது, யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருக்கிறது. புதிதாக ஒன்று எடுத்து, போனில் அனுப்பாமல், தபாலில் போடு. முகம் பெரிதாகத் தெரியும்படி எடுக்கச் சொல்.

இப்படிக்கு,
பில் எழுதும் நீலாம்பாள்,
உன் அப்பாயி