தம்பியின் குதிகால் ரத்தம்

செவ்வாய் இரவு

அன்புள்ள சித்திக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தன்னை மீறி நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு எழுதியது தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

தம்பி பிறந்துவிட்டான். ஆனால் பிறக்கும்போது கொஞ்ச நேரம் மூச்சுக்காற்று கிடைக்கவில்லையாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஏதோ என்சைம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து அப்பா அவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தொடலாம் என்று நர்ஸ் அக்கா கூப்பிட்டதற்கு, "ஆசை வச்சிட்டா அப்புறம் தாங்காது சிஸ்டர்" என்று வெளியே போய்விட்டார். அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். யாரைக் கேட்டாலும், "சின்னப் புள்ள, போய்ப் படி."

நீங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள்? தம்பி பிழைப்பானா? பொய் சொல்லாமல் என் தோழி வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

வெள்ளி

என் வாயாடிக் கண்ணுக்கு,

காற்றில்லாமல் தவித்தால் உடம்பின் செல்கள் அடிபட்டு, உள்ளேயிருக்கும் என்சைம் ரத்தத்தில் கசியும். தம்பிக்கு அடிபட்டிருக்கலாம். எவ்வளவு என்று ஒரே எண் சொல்லாது. குட்டிக் குதிகாலில் குத்தி, ரத்தம் வரவில்லையென்று பிழிந்து எடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றிலிருந்தும் அந்த என்சைம் கொட்டி எண் தாறுமாறாக ஏறும். புதிதில் நானே அப்படிப் பிழிந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

எண் இறங்குகிறதா, பால் குடிக்கிறானா, கைகாலை ஆட்டுகிறானா, எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்பா பக்கத்தில் இருக்கும்போது டாக்டரிடம் கேள். கடித்துவிட மாட்டார்.

சித்தி

புதன் இரவு

அன்புள்ள சித்திக்கு,

கேட்டேவிட்டேன்! அப்பா பக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் முன்னால் போய் நின்றேன். "முதல்ல எடுத்த ரத்தம் உடைஞ்சிருந்துதா டாக்டர்?"

"ஆமா, ரிப்போர்ட்லயே எழுதியிருந்தோமே. மறுபடி எடுத்தாச்சு. பாதிக்கும் கீழ இறங்கியிருக்கு. பாலும் குடிக்கிறான். ஆனா இன்னும் பல மாசம் கவனிக்கணும்."

அப்பா அன்றைக்கு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்திருக்கிறார்!

வெளியே வந்ததும் என் காதைப் பிடித்தார். "யாரு சொல்லிக்குடுத்தது? சித்தியா?"

தலையாட்டினேன். காதை விட்டுவிட்டு நேரே கைகழுவும் இடத்துக்குப் போனார். "போதும் சார், தோல் வந்துடும்" என்று நர்ஸ் அக்கா சொல்லும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டுத் தம்பியின் பாதத்தைத் தொட்டார். விரல் சில்லென்று இருந்திருக்கும். அவன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

"பாரேன், கோவத்த!" அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சித்திய வந்து பாக்கச் சொல்லு. அந்த ஆளையும் கூட்டிட்டு வரட்டும்."

அந்த ஆள் சித்தப்பாதான். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் வாயாடி